மூட்டை அதேதான், விலைதான் வேறு!



முன்பெல்லாம் திருப்பூரிலிருந்து நம் வீரபாண்டிக்கு மளிகைச் சரக்கு மாட்டு வண்டியில் வந்தது. பிறகு டெம்போவில் வந்தது. 2005-இல் டாடா நிறுவனத்தின் 'ஏஸ்' வந்ததும், 'குட்டியானை' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டோம். அன்று விலை சுமார் இரண்டேகால் லட்சம். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்; 16 குதிரைத்திறன்.

2025-இல் 'ஏஸ் புரோ' வந்தபோது அதன் தொடக்க விலை 3.99 லட்சமாக இருந்தது. பெட்ரோல் வண்டிக்கு 30 குதிரைத்திறன். மின்சாரத்தில் ஓடும் வகையும் உண்டு; அதன் விலை இன்னும் அதிகம். 2020-இல் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் விலையேற்றத்துக்கு ஒரு காரணம். வசதிகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் பாரம்? அன்றும் 750 கிலோ, இன்றும் 750 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை பதினைந்து, அவ்வளவுதான்!

2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைக் கேட்டுச் சிறு கடைக்காரர்களும் கடனில் வண்டி எடுக்க நினைக்கிறார்கள். வாரம் இருமுறை சரக்கெடுப்பவருக்கு மற்ற நாட்களில் வண்டி வாசலில் நிற்கும், தவணை நிற்குமா?

நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வாடகை வண்டியில் சரக்கேற்றுங்கள்; வாடகை பங்காகிவிடும். மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் தனித்தனிச் சிட்டை போட்டு, ஒரே நேரத்தில் மூட்டைகளை ஏற்றித் தரவேண்டும். அது எங்கள் கடமை.

தினமும் நடை இருப்பவர் தாராளமாக வண்டி வாங்கட்டும். மற்றவர்கள் முதலில் நடைக்கணக்கை எழுதிப் பாருங்கள். வண்டி பிறகு ஆகட்டும்!