தொலைவும் தொண்டும்

அறப்பணிக்கு நிதி திரட்டத் தில்லியிலிருந்து கன்னியாகுமரி வரை மோட்டார் சைக்கிளில் செல்ல விழைவோரின் துணிவு பாராட்டுக்குரியது. ஆயினும், கடந்த தொலைவு கொடையின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை.

2012இல் சிட்னியில் தொடங்கிய ‘டிஸ்டிங்குயிஷ்டு ஜென்டில்மேன்ஸ் ரைடு’ இதற்குச் சான்று. தில்லி உள்படப் பல நகரங்களில் ஆண்டுக்கொரு நாள், கோட்டும் டையும் அணிந்தோர் நகருக்குள்ளேயே வண்டியோட்டுகின்றனர். திரளும் நிதி புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுக்கும் ஆண்களின் மனநலப் பணிக்கும் செல்கிறது. மாறாக, அமெரிக்காவின் ‘அயர்ன் பட்’ சங்கத்தின் சான்றிதழ் பெற 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது சுமார் 1610 கிலோமீட்டர், கடக்க வேண்டும். அது உடல் உறுதிக்கான சோதனை. அறத்திற்கான அளவுகோல் அன்று. உறக்கமிழந்து ஓட்டுபவரால் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்து உண்டு.

நெடும்பயணமே மேற்கொள்வோர் இரவில் ஓய்வெடுக்கட்டும். எரிபொருளுக்கும் தங்குமிடத்திற்கும் சொந்தப் பணத்தைச் செலவிடட்டும். நன்கொடை, ஓட்டுபவரின் கணக்கிற்கன்றி அறநிறுவனத்தின் வங்கிக் கணக்கிற்கே நேராகச் செல்வது நன்று. 2000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடையாது என்பதையும் வாடிக்கையாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். வண்டி ஊர் திரும்பிய பின், வரவு செலவுக் கணக்கு கொடையாளர் கைக்குச் சேரும் நாளில்தான் அப்பயணம் நிறைவுறுகிறது.