சாறு பிழிந்தால் மருந்தாகிவிடுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் மூலிகைப் பேச்சு எழுந்தால் இந்த வாதம் தவறாமல் வரும்: "மேகமலையிலும் சுருளியிலும் இல்லாத மருந்தா? விஞ்ஞானிகள்தான் திரும்பிப் பார்ப்பதில்லை. பறித்துக்கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்தால் போதும்." ஊர்ப்பற்றில் பிறந்த பேச்சுதான். ஆனாலும் பிழையான பேச்சு.

திரும்பிப் பார்க்கவில்லை என்பதே தவறு. லக்னோவில் 1951-இல் தொடங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், இந்தியச் செடிகளைச் சோதித்த முடிவுகளை 1968 முதல் வரிசையாக வெளியிட்டது. மருந்துக்கூர்க்கன் வேரிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற சேர்மம் 1970-களில் கிடைத்ததும் அத்தகைய தேடலில்தான். சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் உருவாக்கிய 'இம்பாட்' தரவுத்தளத்தில் 4,010 மூலிகைகளும் 17,967 சேர்மங்களும் உள்ளன.

அடுத்தது, "கொடுத்தால் போதும்" என்பது. மருந்து தேடும் ஆய்வகத்தின் சேர்ம நூலகத்தில் ஒவ்வொரு சேர்மமும் தனியாகச் சுத்திகரிக்கப்பட்டு, கரைப்பானில் கரைத்து உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கும். உள்ளங்கை அகலத் தட்டில் 384 குழிகள். குழிக்கு ஒரு சேர்மம். கூடவே நோய்க்குக் காரணமான புரதம். ஒளியின் அளவு மாறுகிறதா என்று கருவி பார்க்கும். அந்தக் குழியில் கம்பம் பன்னீர் திராட்சைச் சாற்றை விட்டால் அதன் கருநிறமே ஒளியை விழுங்கிவிடும். அதிலுள்ள டானின் எந்தப் புரதம் கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். கருவி வெற்றி என்று காட்டும். எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, சேர்மத்தைப் பிரித்தெடுத்தே சோதித்து, தட்டில் வேலையும் செய்துவிட்டால்? அப்போதும் அது மருந்தாகிவிடாது. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ராலே சாட்சி. முதுமையைத் தள்ளிப்போடும் என்ற நம்பிக்கையில், அதை ஆராய்ந்த சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008-இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. சோதனையில் சேர்த்திருந்த ஒளிரும் சாயத்தை நீக்கியதும் விளைவு தெரியவில்லை என்று பிற ஆய்வாளர்கள் காட்டினார்கள். மயிலோமா புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 2010-இல் அந்த மருந்து முயற்சி கைவிடப்பட்டது.

இதனால் மேகமலைச் செடிகளுக்கு மதிப்பில்லை என்றாகாது. எந்தச் செடி, எந்தப் பாகம், எங்கே, எப்போது பறித்தது என்ற பதிவும், உலர்த்திய மாதிரியும் இருந்தால்தான் நூலகத்தில் அவற்றுக்கு இடம் கிடைக்கும். அந்தச் செடிகளை அறிந்த பளியர் பழங்குடியினரின் சம்மதமும் பங்கும் அதே அளவு முக்கியம். அகத்தியமலையின் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம், உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது. தேனி மாவட்டக் கல்லூரிகள் இந்தப் பதிவு வேலையைப் பளியர்களோடு உட்கார்ந்து தொடங்க வேண்டும்.