தலைமையாசிரியரின் கைகளை அவிழ்த்துவிடுக!

ஓரிக்கைத் தறிமேடைகளைக் கண்டிருப்பீர்கள், தோழர்களே! கோர்வைப் பட்டின் கரைக்கு நாடா தள்ளிட இன்னொரு கை வேண்டும். முன்னாளில் அது, ஏடு பிடித்திருக்க வேண்டிய பிஞ்சுக் கை! அக்கையை வகுப்பறையிலே நிலைபெறச் செய்வது கட்டடமா? அன்று, நல்ல தலைமையாசிரியர்!

ஊர் துணைநின்றால் பள்ளி உயரும் என்று காட்டியவர், காஞ்சியை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-ல் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு. 1954-ல் பொதுக்கல்வி இயக்குநரான அவர், காமராசர் ஆட்சியில் மதிய உணவுக்கும் பள்ளிச் சீரமைப்புக்கும் ஊராரையே அழைத்தார். ஊரார் வாரி வழங்கினர்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்கு அளித்தது. நன்று! ஆனால், அச்சட்டத்தின் அட்டவணையோ, தொடக்கப்பள்ளியில் 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் தனித் தலைமையாசிரியர் என்கிறது. சிறு பள்ளிகளிலே பாடம் நடத்துபவரும் அவரே. பதிவேடு நிரப்புபவரும் அவரே! வழிகாட்ட நேரமேது?

பணிமூப்பு மட்டுமே தலைமைக்குத் தகுதியாகிவிடுமா? பதவிக்கு முன் பயிற்சி தருக! பதிவேட்டுக்கு எழுத்தர் தருக! குழுவிலே அமர்ந்துள்ள தோழர்களே, கையொப்பமிட்டுக் கலையாதீர்; இவற்றைத் தீர்மானமாக்கி அனுப்புவீர்!

பாவு பட்டாயினும், நெய்பவர் கைகளைக் கட்டிவிட்டால் சேலை ஏது?