பாப்பாரப்பட்டியிலும் வண்டி நிற்கட்டும்

தமிழ்நாட்டில் சுற்றுலாவுக்கெனச் செலவிடப்படும் பணமும் கவனமும் பெரும்பாலும் கடற்கரைகளுக்கும் மலை வாசத்தலங்களுக்கும் பெருங்கோயில் நகரங்களுக்குமே சென்று சேர்கின்றன. இம்மூன்றும் வாய்க்காத உள்நாட்டுச் சிற்றூர்கள், வரலாறும் இயற்கையும் அருகருகே அமையப்பெற்றிருந்தாலும், வெளியூர்க்காரர்களுக்கு வழியில் கடந்துபோகும் பெயர்ப்பலகைகளாகவே எஞ்சுகின்றன. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டிப் பேரூராட்சி இதற்குத் தக்க சான்று. பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒகேனக்கல்லுக்குச் செல்வோர் பலர் இவ்வூரைத் தாண்டியே போகிறார்கள் என்றாலும், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் வாழ்வின் கடைசிக் காலத்தைக் கழித்து 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய மண் இது என்பதற்காக வண்டியை நிறுத்துவோர் மிகச் சிலரே.

வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு பிறந்த சிவா, தென்மாவட்டங்களில் வ.உ.சிதம்பரனாரோடு இணைந்து சுதேசி இயக்கத்தைப் பரப்பியதற்காக 1908இல் அரசத் துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு, சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளானார். விடுதலையான பிறகு ‘ஞானபானு’ இதழை நடத்திய அவர், தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்ற தடை குறுக்கிட்டபோது, கால்நடையாகவும் வண்டி கட்டிக்கொண்டும் ஊர் ஊராகச் சென்று பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரதபுரம் என்ற பெயரில் ஆசிரமம் அமைத்து, அங்கே பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப அவர் முயன்றதும், 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டியதும் பதிவான வரலாறு. நாற்பது வயதில் அவர் மறைந்ததால் நின்றுபோன அந்த எண்ணம், அரசின் நினைவாலயமாக உருப்பெற 2021ஆம் ஆண்டு ஆயிற்று. அந்த நினைவாலயமோ மாநிலம் முழுவதும் பேசப்பட்டது, மறு ஆண்டு அதன் பூட்டை அரசியல் கட்சியினர் உடைத்தபோதுதான்! பூட்டுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கேனும் சிவாவுக்குக் கிடைத்திருக்கலாம்.

இவ்வூரைச் சுற்றுலா வரைபடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்குச் சிவாவின் பெருமை மட்டுமே காரணமன்று. ஒகேனக்கல்லின் நிலையும் அதே தேவையைச் சுட்டுகிறது. காவிரியில் நீர்வரத்து எவ்வளவு என்பது, கர்நாடகத்திலிருந்து ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவிலுள்ள மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையத்தில் கணக்கிடப்படுகிறது. நொடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழ்கள் அச்சிடுவது அந்தக் கணக்கைத்தான்; ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர் நீர். மேலே உள்ள அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது, அருவியில் குளிக்கவும் ஆற்றில் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு விதிக்கப்படும் அத்தடை முற்றிலும் சரியானதே. ஆனால் கோடையில் நீரின்றியும் ஆடியில் நீர் மிகுந்தும் ஆண்டில் பல நாள்கள் வருமானம் அற்றுப்போவது யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வட்டக் கூடையாக்கி, அடிப்புறத்தில் முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசிச் செய்யப்படுவது பரிசல்; ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு சுழிகளுக்கிடையே அதை நேராகச் செலுத்துவது தலைமுறைகளாகக் கைமாறி வந்த திறன். பரிசல் கரையேறிவிட்டால் அந்தத் திறனுக்கு மதிப்பில்லை. சுற்றுலாப் பயணிகள் வாங்கித் தரும் ஆற்று மீனை மசாலா தடவி வறுத்தும் குழம்பு வைத்தும் கொடுத்துக் கூலி பெறும் பெண்களுக்கும், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளருக்கும் அன்றைக்கு அடுப்பெரியாது. தடை இருப்பது தெரியாமல் தொலைவிலிருந்து வந்துவிடும் குடும்பங்களோ, வேறு எங்கே போவது என்று சொல்ல ஆளில்லாமல் வந்த வழியே திரும்புகின்றன. ஒரே ஓர் அருவியின் தண்ணீரை நம்பி ஒரு மாவட்டத்தின் சுற்றுலாவே நடப்பது திட்டமிடல் ஆகாது.

அப்படித் திரும்புவோருக்குக் காட்ட இடங்கள் இல்லாமல் இல்லை. பாப்பாரப்பட்டியின் நினைவிடம், பென்னாகரம் வட்டத்திலேயே உள்ள நாகாவதி அணை, இராமாயண, பாரதக் காட்சிகள் தீட்டப்பட்ட அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில், போரிலும் ஆநிரை மீட்பதிலும் உயிர்விட்டோருக்கு எழுப்பிய நடுகற்களைத் திரட்டி வைத்திருக்கும் தருமபுரி அரசு அருங்காட்சியகம் ஆகியவற்றை ஒரு பகலில் பார்த்து முடிக்கலாம். பாப்பாரப்பட்டியிலேயே வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. உழவர்களுக்குப் பயிற்சி தரும் அந்நிலையத்தில் பள்ளி மாணவர்கள் கேழ்வரகையும் சாமையையும் வயலில் நின்று பார்க்க ஏற்பாடு செய்வது பெரிய காரியமன்று. இவற்றையெல்லாம் இணைத்து விடுமுறை நாள்களில் ஒரு சுற்றுப் பேருந்து விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஊரகச் சுற்றுலாவையும் முன்னுரிமைக்குரியதாக ஏற்ற 2023ஆம் ஆண்டின் மாநிலச் சுற்றுலாக் கொள்கை, இத்தகைய ஏற்பாட்டுக்குப் போதிய இடம் தருகிறது.

சுற்றுலா மேம்பாடு என்றவுடன் நுழைவு வளைவும், சிமென்ட் விலங்குகளும், செல்பி மேடையும் கட்டும் பழக்கம் இங்கும் தொற்றிக்கொள்ளக் கூடாது. கடலோரச் சிற்றூர்களிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மையும் பாதுகாப்பும் உடைய கடற்கரைகளுக்கு டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் அச்சான்றுக்கு, நீரின் தரம், கழிவறை, குப்பை மேலாண்மை, உயிர்காக்கும் ஏற்பாடு உள்ளிட்ட 33 அளவுகோல்கள் பார்க்கப்படுகின்றன. அந்த 33இல் சிலை வைப்பது இடம்பெறவில்லை. பாப்பாரப்பட்டிக்கும் முதலில் வேண்டியவை பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய கழிவறையும், குடிநீர்க் குழாயும், நிழலும்தான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவு அனுமதிக்கப்பட்ட லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியதால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மாவட்டம் இது. அதற்கென்றே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த நீரைச் சுற்றுலா இடங்களில் பொதுக் குழாய்களில் தந்தால், பயணிகள் தண்ணீர்ப் புட்டி வாங்குவதும் அதைக் காட்டோரம் வீசுவதும் தாமே குறையும்.

ஆள் வரத்து கூடினால் காடு கெடும் என்ற எதிர்ப்பு அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பென்னாகரத்துக்கு அப்பால் சாலை யானைகள் நடமாடும் காட்டுக்குள் செல்கிறது. இப்பகுதிக் காடுகள் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. சாலையோரம் குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியும் கூட்டத்தை இன்னும் பெருக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டது. நெரிசல் மிகும் பண்டிகை நாள்களில் ஒகேனக்கல்லுக்கும் அதுபோன்ற வரம்பு தேவை. வரம்பை மீறி வருவோரைக் காட்டுக்கு வெளியே, ஊர்களின் பக்கம் திருப்புவதற்குத்தான் பாப்பாரப்பட்டி போன்ற இடங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. ஆக, அந்த எதிர்ப்பு இந்த யோசனைக்கு வலுவே சேர்க்கிறது.

வருமானம் யாருக்கு என்பதையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிட வேண்டும். வாகன நிறுத்தக் கட்டணமும் கடை வாடகையும் ஏலம் எடுத்தவர் கைக்குப் போய், குப்பை அள்ளும் சுமை மட்டும் பேரூராட்சியின் தலையில் விழும் ஏற்பாடு எந்த ஊருக்கும் நன்மை செய்ததில்லை. கட்டணத்தில் உரிய பங்கு பேரூராட்சிக்கு நேராகச் சேர வேண்டும். களியும் கீரைக் கடையலும் விற்கும் கடைகளை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே ஒதுக்க வேண்டும். சிவாவின் வரலாற்றைப் பிழையின்றிச் சொல்லக்கூடிய உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் அடையாள அட்டையும் வழங்க வேண்டும். சிவா மறைந்த நூறாம் ஆண்டு 2025இல் நிறைவுற்றுவிட்டது. சுற்றுலாத் துறையும், செய்தி மக்கள் தொடர்புத் துறையும், மாவட்ட நிர்வாகமும் இனியும் காலம் தாழ்த்தாமல் கூடிப் பேசி, அடுத்த ஆடிப்பெருக்குக்குள் அந்தச் சுற்றுப் பேருந்தையாவது ஓடவிட வேண்டும்.