நெல்லும் சண்டை போடும்!

மனிதனுக்கு நோய் வந்தால் வைத்தியரிடம் ஓடுகிறான். நெற்பயிர் எங்கே ஓடும்? நின்ற இடத்திலேயே நின்று சண்டை போடுகிறது.

அந்தச் சண்டையில் நெல்லின் கையைக் கட்டிப் போடுபவன் யார்? பல வயல்களில், அளவுக்கு மேல் யூரியா போடும் மனிதன்தான்!

குலைநோய்

நெல்லின் பெரிய எதிரிகளில் ஒன்று குலைநோய். இது பூசணத்தால் வருவது. இலையில் கண் வடிவத்தில் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம். ஓரத்தில் பழுப்பு நிறம். கதிரின் கழுத்தைத் தாக்கினால், கதிர் ஒடிந்து தொங்கும். மணி பதராகிவிடும்.

மார்கழிப் பனி இந்த நோய்க்குக் கொண்டாட்டம். கண்ணுக்குத் தெரியாத பூசண வித்து காற்றில் பறந்து வருகிறது. நனைந்த இலையில் ஒட்டிக்கொள்கிறது. குமிழ்போல் வீங்கி, இலையைத் துளைக்கிறது. அந்தக் குமிழுக்குள் இருக்கும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய 40 மடங்கு!

கவசம்

இதை நெல் எப்படித் தடுக்கிறது?

முதலில் கவசம். மணலில் இருக்கும் சிலிக்கா என்ற பொருள் மண்ணிலும் உண்டு. நெல்லின் வேர் அதை உறிஞ்சுகிறது. அது இலையின் தோலில் படிந்து கெட்டிப்படுகிறது. நெல் இலை கையை அறுப்பது இதனால்தான்.

எதிரி கவசத்தைத் துளைத்து விட்டால்? அடுத்த சண்டை இலைக்குள்ளே நடக்கிறது. எதிரி நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமே மடிகின்றன. எதிரி மேலே பரவ முடியாமல் அங்கேயே சிறைப்படுகிறான். ஊரைக் காக்க ஒரு தெரு உயிர் விடுவது போல!

ஆனால், எல்லா ரகத்துக்கும் இந்தத் திறமை ஒன்றுபோல் இல்லை. வியட்நாமைச் சேர்ந்த ‘டெட்டெப்’ என்ற நெல் குலைநோயை நன்றாக எதிர்க்கும். கோவையில் உருவான ‘கோ 39’ எளிதில் நோய்க்கு ஆளாகும்.

மனிதன் செய்யும் தவறு

யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும். பார்க்க அழகுதான். ஆனால், இலை மென்மையாகிவிடும். கவசம் பலவீனமாகும். நோய்க்கு அதுவே விருந்து!

முதலில் உரத்துக்குப் பணம். பிறகு, நோய்க்கு மருந்து தெளிக்கப் பணம். இரண்டும் ஒரே குடும்பத்தின் பணம் அல்லவா?

யூரியாவே கூடாது என்பதல்ல. சாப்பாடு இல்லாமல் பயிர் வளராது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, அளவாக, பல தடவையாகப் பிரித்துப் போட வேண்டும். நோயைத் தாங்கும் ரகமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விதைக்கும் முன்பே ஒரு காவலும் உண்டு. ஒரு கிலோ விதையுடன் 10 கிராம் சூடோமோனாஸ் பொடியைக் கலக்க வேண்டும். அதில் இருப்பது நன்மை செய்யும் கிருமி. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது போல, அது பயிரை முன்கூட்டியே உஷார்ப்படுத்துகிறது.

நோய் மிஞ்சினால் மருந்து தெளிக்கத்தான் வேண்டும். ஆனால், அது கடைசி ஆயுதமாக இருக்கட்டும்.

பயிரின் காவல்காரன் பயிருக்குள்ளேயே இருக்கிறான். அவன் கையைக் கட்டாமல் இருந்தால், பாதிச் சண்டையை அவனே ஜெயித்து விடுவான்.