அந்தப் பாப்பா என்ன ஆச்சு?



இந்தத் தடவை சமையலும் இல்லை, கைவேலையும் இல்லை. ஒரு புத்தகச் சண்டையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். போன வருஷம் மகளோடு இருந்துவிட்டு வர நியூஜெர்ஸி போயிருந்தேன் அல்லவா? அங்கே நடந்தது.

என் பேத்திக்குப் பன்னிரண்டு வயசு. ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் கட்டிலருகே வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பாட்டி, அந்தப் பாப்பா செத்துப்போச்சா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தப் பாப்பாடீ?" என்று பதறி எழுந்தால், கதைப் புத்தகத்தில் வருகிற பாப்பாவாம்!

லோயிஸ் லோரி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993-ல் எழுதிய 'தி கிவர்' என்ற நாவல் அது. மறு வருஷமே நியூபெரி பதக்கம் வாங்கியது. அங்கே பல பள்ளிக்கூடங்களில் பாடமாகவே வைக்கிறார்கள். வருங்காலத்தில் ஓர் ஊர். அங்கே பசி இல்லை, சண்டை இல்லை, வலி இல்லை. வர்ணமும் இல்லை! யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்று பன்னிரண்டு வயசில் பெரியவர்கள் தீர்மானித்துச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பெறுவதற்கென்று சில பெண்கள். அவர்கள் பெறுவதோடு சரி. வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று குழந்தைகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி தூங்காமல் அழுகிற குழந்தையை 'விடுவித்து' விடுவார்கள். விடுவிப்பதென்றால் என்ன தெரியுமா? ஊசி போட்டுக் கொன்றுவிடுவது.

கேப்ரியல் என்ற குழந்தைக்கு அந்த கதி வரப்போகிறது என்று தெரிந்ததும், ஜோனஸ் என்ற பன்னிரண்டு வயசுப் பையன் அதைச் சைக்கிளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். கடைசியில் பனிக் குளிரில், ஒரு சறுக்கு வண்டியில் குழந்தையோடு மலைச்சரிவில் இறங்குகிறான். தூரத்தில் விளக்கு தெரிகிற மாதிரி, பாட்டு கேட்கிற மாதிரி... அவ்வளவுதான், கதை முடிந்தது. பிழைத்தார்களா, குளிரில் விறைத்துப் போனார்களா? ஆசிரியை சொல்லவே இல்லை. நாடெங்குமிருந்து பிள்ளைகள் கடிதம் போட்டுக் கேட்டும், அவரவருக்குத் தோன்றுவதுதான் முடிவு என்று விட்டுவிட்டார்.

பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. 2000-த்திலும் 2004-லும் அதே உலகத்தை வைத்து இன்னும் இரண்டு புத்தகங்கள். 2012-ல் நாலாவது. அதற்குப் பெயர் 'சன்', அதாவது மகன். அந்தக் கேப்ரியலைப் பெற்றவளின் கதை.

பேத்தியைச் சமாதானப்படுத்த என் மகள் மறுநாளே நூலகத்திலிருந்து அதை எடுத்து வந்தாள். பேத்தி படித்தாள், மகள் படித்தாள், அகராதி துணையோடு நானும் படித்தேன். அவர்கள் குடியிருப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாக்களும் பிள்ளைகளும் கூடி ஒரே புத்தகத்தைப் படித்துப் பேசுவார்கள். (நம் ஊரிலும் செய்யலாம். சுண்டலுக்கு நான் பொறுப்பு!) அந்த மாதம் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பையன்களுக்குப் பிடிக்கவே இல்லை. "ஜோனஸ் எங்கே? பாதிப் புத்தகம் வரைக்கும் ஆளையே காணோம்" என்று ஒரே புகார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், "முதல் புத்தகத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். தெரியாமல் இருந்ததுதான் அதன் அழகு" என்றார். கடைசிப் பகுதியில் வருகிற மாயக்காரன் விஞ்ஞானக் கதைக்கு ஒட்டவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால் முதல் பகுதியைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கிளேர் என்ற அந்தப் பெண்ணுக்கு வயசு பதினாலு. குழந்தை முகம் தெரியக்கூடாதென்று கண்ணை மறைத்து, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கிறார்கள். அந்த ஊரில் எல்லோரும் பாசம் தோன்றாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்க மறந்துவிடுகிறார்கள். அந்த மறதியால்தான் கதையே. குழந்தையைத் தேடிப் போகிறாள், கப்பல் உடைகிறது, நினைவு தப்புகிறது. வேறொரு ஊரில் ஒரு பிரசவத்துக்கு உதவப் போன இடத்தில், தனக்கும் ஒரு பிள்ளை உண்டு என்பது சட்டென்று ஞாபகம் வருகிறது! அப்புறம் அந்த ஊர்ச் செங்குத்துப் பாறையில் ஏறித் தப்பிக்க, கால் ஊனமான ஓர் ஆட்டிடையனிடம் வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிறாள்.

அன்று கூட்டத்தில் எதிர்வீட்டு அம்மாள் மட்டும் வாயே திறக்கவில்லை. கடைசியில், "எனக்கு இந்தப் புத்தகம் வேண்டாம்" என்றாள். அவள் தத்து எடுத்து வளர்க்கிற பெண்ணுக்கு வயசு பதிமூன்று. புத்தகத்தை முடித்ததும் அது கேட்டதாம்: "என்னைப் பெத்தவளும் எங்கேயாவது மலை ஏறிக்கிட்டிருப்பாளா?"

அறையில் சத்தமே இல்லை. அவள் தொடர்ந்து சொன்னாள்: "கதையில் அந்தப் பையன் மற்றப் பையன்களோடு விடுதியில் வளர்கிறான். ராத்திரி எழுந்து அவனுக்கு ஜுரமா என்று தொட்டுப் பார்த்த அம்மா ஒருத்தி இல்லை. இருந்திருந்தால் ஆசிரியை என்ன செய்திருப்பார்?"

யாரிடமும் பதில் இல்லை. எனக்கு அந்தப் பெண்ணின் கேள்வியும் நியாயமாகப் பட்டது, இவள் கேள்வியும் நியாயமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும், நாற்பது வருஷமாகச் சொல்லாத ஒன்றை என் மகளிடம் சொன்னேன். அவள் பிறந்தபோது மஞ்சள் காமாலை என்று தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாலு நாள் கண்ணில் காட்டவில்லை. "ரெஸ்ட் எடுங்கம்மா" என்பார்கள், அவ்வளவுதான். பால் கட்டி, மார் கல்லாகி, ரவிக்கையெல்லாம் நனைந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிழிந்து எடுத்துக் கொடுக்கலாம் என்று சொல்லக்கூட ஆளில்லை. இப்போது குழந்தை தனியே இருந்தாலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாலை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். சின்னப் பெண்களே, உங்களுக்கு அப்படி நேர்ந்தால் வெட்கப்படாமல் நர்ஸிடம் கேளுங்கள்.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த நாலு நாளும் எனக்கு யாரும்மா பால் குடுத்தா?" என்றாள்.

"யாரோ ஒரு ஆயா. ராத்திரியெல்லாம் மடியிலேயே வெச்சிருந்தாளாம். பேரைக்கூடக் கேட்டு வெச்சுக்கலைடீ" என்றேன்.