5 வயதில்தான் அப்பாவிடம் வரும் மகள்: யார் இந்த ‘சாட்டிலைட் பேபி’கள்?

நியூயார்க் விமான நிலையத்தில் கை நீட்டும் அப்பாவிடம் போகமாட்டேன் என அழுகிறாள் 5 வயசுப் பொண்ணு. அவளுக்கு அவர் யாரோ ஒருத்தர். அமெரிக்காவில் பிறந்து, சில மாதங்களிலேயே சீனாவில் உள்ள தாத்தா, பாட்டியிடம் அனுப்பப்பட்டு, பள்ளி வயதில் திரும்பும் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத்தான் ‘சாட்டிலைட் பேபி’ என்று பெயர்.

ஏன் அனுப்புகிறார்கள்?

முதல் காரணம், கடன். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து 1980-களுக்குப் பிறகு விசா இல்லாமல் வந்தவர்கள் ஏராளம். ‘ஸ்நேக்ஹெட்’ எனப்படும் ஆள்கடத்தல் ஏஜென்ட்டுகளுக்குப் பெரும் தொகை தர வேண்டும். 1993 ஜூன் 6-ல் நியூயார்க் அருகே தரைதட்டிய ‘கோல்டன் வென்ச்சர்’ கப்பலில் 286 பேர் இருந்தனர். 10 பேர் உயிரிழந்தனர். ஒருவருக்குக் கட்டணம் சுமார் 30,000 டாலர்.

இந்தக் கடனை அடைக்க வாரத்தில் 6 நாள், தினமும் 12 மணி நேரம் ரெஸ்டாரன்ட் கிச்சனில் வேலை. பலருக்கு வேலை கிடைப்பதே வேறு மாநிலத்தில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கச் சம்பளம் போதாது.

நேரில் போய்ப் பார்க்கலாமே?

அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் பிறந்ததால் மகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை உண்டு. வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை இது. ஆனால் ஆவணம் இல்லாத அப்பா ஊருக்குப் போனால், திரும்ப வர முடியாது.

வந்த பிறகு என்ன நடக்கிறது?

மகளுக்குப் பாட்டிதான் அம்மா. கொஞ்ச வருஷத்தில் அவள் இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறாள். அப்பாவுக்கோ மெனு கார்டு அளவுக்குத்தான் இங்கிலீஷ். மருத்துவமனை, வாடகை ஒப்பந்தம் என எல்லாவற்றுக்கும் அவளே மொழிபெயர்ப்பாளர். கண்டிக்க வேண்டிய அப்பா, மகளிடம் உதவி கேட்டு நிற்கிறார். ‘எல்லாம் உனக்காகத்தானே’ என்கிறார் அவர். ‘அப்போ நீங்க எங்க இருந்தீங்க?’ என்கிறாள் அவள்.

இப்போது ஏன் முக்கியம்?

சட்டப்பூர்வ அந்தஸ்து இல்லாத பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தானாகக் குடியுரிமை கிடையாது என 2025 ஜனவரியில் அதிபர் ட்ரம்ப் உத்தரவிட்டார். நீதிமன்றங்கள் தடை விதித்தன. அப்படியொரு விதி அமலானால், சீனாவுக்கு அனுப்பிய மகளைத் திரும்ப அழைக்கும் வழியே அடைபடும். அப்பாவிடம் கோபித்துக்கொள்ளக்கூட அவள் பக்கத்தில் இருக்க மாட்டாள்.